போயிட்டு வாரேன்

பெனிட்டா வாசலிலேயே அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். "மூணு மாசமா நம்ம வீட்டு மீன்கொழம்புக்கு ஏங்கிப் போயிட்டேம்மா."

"மத்தியானம் அத ஊத்தித்தானட்டி தின்னுட்டுப் போன," என்றாள் ஜெசிந்தா. மகள் சாப்பிட்ட தட்டுகூட இன்னும் கழுவாமல் தொட்டியில்தான் கிடந்தது.

கோடைக்கால ஆராய்ச்சிக்கு இப்போதெல்லாம் மாணவர்கள் விமானம் ஏறுவதில்லை. தூத்துக்குடிக் கல்லூரியில் ஒரு பிற்பகல் நினைவேற்றும் பொறியில் கண்மூடிப் படுத்தால் போதும். ஜப்பான் ஆய்வகத்தில் மூன்று மாதம் வேலை பார்த்த நினைவும் கைப்பழக்கமும் வந்து சேர்ந்துவிடும்.

சாப்பிடும்போது பெனிட்டா தன்னோடு வேலை பார்த்த யூமியைப் பற்றியே பேசினாள். மழையில் ஒரே குடையில் நடந்தது, கருவி ஓடி முடியும்வரை இருவரும் பாடிக்கொண்டிருந்தது, ரயில் நிலையத்தில் யூமி கண்கலங்கி நின்றது.

"அப்படி ஒருத்தி நெசமாவே இருக்காளாட்டி?"

"இல்லன்னு தெரியும்மா." பெனிட்டா சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள். "ஆனா ரயில் ஏறும்போது, பழக்கத்துல, போயிட்டு வாரேன்னு சொல்லிட்டேன்."

ஜெசிந்தா மகளின் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"அந்தப் பிள்ளைக்கு மீன் பிடிக்குமாட்டி?"