அயிரை மீனுக்கு ஏற்ற ஒயின்

போடியில் ஏலக்காய் லோடு பேச வந்த பிரெஞ்சுக்காரர், ஏலத்தோட்டக்காரர் பாண்டித்துரை வீட்டில் தன் ஊர் வெள்ளை ஒயினைத் திறந்தார். "எலுமிச்சைப் புளிப்பு, பச்சை ஆப்பிள் வாசம், மீனுக்குப் பொருத்தமாம்" என்று தரகன் சுருளிவேல் தமிழில் சொன்னான். அவர் ஒரு வாய் உறிஞ்சிக் கொப்பளித்து வாசலில் துப்பிவிட்டு, பாட்டிலைப் பரிசாகக் கொடுத்துப் போனார்.

"கொண்டாந்தவரே துப்புறாரு, கெட்டுப்போச்சுங்க. இதப் போயி என் அயிரை மீன் கொழம்போட குடிக்கணுமாக்கும்!" என்றாள் மனைவி வீரலட்சுமி. பாண்டித்துரை பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்தார்.

மறுநாள் ஏலக்காய் ஏலம் விடும் இடத்திலிருந்து சுருளிவேல் ஓடிவந்தான்.

"அண்ணே, லோடு வேண்டாம்னு அவரு கெளம்பிட்டாரு!"

"ஏன்டா?"

"யாவாரிக நம்ம காயக் கடிச்சுப் பாத்துட்டு மிச்சத்தத் தரையில எறிஞ்சாகல்ல? அதப் பாத்துக் கெட்ட சரக்குன்னுட்டாரு."

பாண்டித்துரைக்குச் சுர்ரென்று ஏறியது. "கூறுகெட்ட மனுசன்! ருசி பாக்குறவுக எறியத்தான் செய்வாக, அது வழக்கம்!"

வீரலட்சுமி மெல்லக் கேட்டாள்: "அப்ப, நேத்து அவரு துப்புனது?"