யோகோஹாமா மாற்றல்

யோகோஹாமா துறைமுகத்து ராட்டினம் உச்சிக்குப் போனதும் டெட்சுயா மனைவிக்கு ஊரைக் காட்டினான். "பாரு மினாகோ, கடல், கப்பல், சீனத் தெரு. எல்லாம் நம்ம கோபே மாதிரியேதான்!"

"சீனத் தெருவுல பன்றிப் பன் கேட்டா கடைக்காரர் சிரிக்கிறார். இங்க அதுக்குப் பேரு கறிப் பன்னாம்."

"நம்ம பக்கம் கறின்னா மாடுதான். அதனால பன்றின்னு பிரிச்சுச் சொல்றோம். ஒரு வாரத்துல பழகிடும்."

மாற்றலுக்குப் பதில் சொல்ல நாளைதான் கடைசி. மினாகோ இன்னும் பிடிகொடுக்கவில்லை.

"மேனேஜர் பதவி இன்னொரு தடவை வராது," என்றான்.

"கோபேல இருக்கிற வேலையை விட்டுட்டு, இங்க வந்து வீட்டோட கிடக்கணுமே?"

"கிடக்கிறதா? சமையல், துணி, பையனை ஸ்கூல்ல விடறதுன்னு நாள் ஓடிடும்."

மினாகோ சிரித்துவிட்டாள்.

"சரி, மேனேஜரா வர்றேன்னு நாளைக்கு என் ஆபீஸ்ல சொல்லிடறேன். நீங்க ராஜினாமா எழுதறதுக்கு முந்தி, ஒரு முட்டையாவது அவிக்கக் கத்துக்கோங்க!"