சிசிலியின் நான்காவது வருடம்

பன்னிரண்டாவது சாட்சியாக அவனைக் கூப்பிட்டார்கள்.

வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்தான். தோல் அட்டை சில்லென்றிருந்தது. மார்ச் மாதக் காலை. தேவாலயத்துக்குள் பேசுகிறவர்களின் வாயிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

மேசைக்குப் பின்னால் இங்கிலாந்து மன்னரின் அதிகாரி. பக்கத்தில் எழுத்தர். சற்றுத் தள்ளித் தூணோரமாக ஜெஃப்ரி நின்றான்.

ஜெஃப்ரியின் வம்சத்தை எழுத்தர் காலையிலேயே உரக்கப் படித்துவிட்டார். தந்தை சர் ஹியூ. அவர் தந்தை சர் ராபர்ட். அவருக்கு முன்னால் இன்னும் மூன்று பேர். போர் வந்தால் குதிரையும் கவசமுமாக ஒரு வீரர் வந்து நிற்பார் என்ற கடமைக்கு ஈடாக அவர்கள் ஆண்டு வந்த தார்ன்விக் நிலம். உழவு நிலம் இருநூறு ஏக்கர். ஆற்றோரப் புல்வெளி. தண்ணீரில் ஓடும் மாவு ஆலை ஒன்று. ஓக் மரக் காடு.

காடு என்று படித்தபோது யாரோ இருமினார்கள்.

பாதிக் காடு இப்போது இல்லை.

சர் ஹியூ செத்தபோது ஜெஃப்ரி கைக்குழந்தை. வாரிசுக்கு இருபத்தொரு வயது ஆகும்வரை நிலம் காப்பாளர் கையில் இருக்க வேண்டும் என்பது சட்டம். காப்பாளர் வெளியூர்ப் பிரபு. மரங்களை வெட்டி விற்றார். ஆலைக் கூலியை ஏற்றினார். போன குளிர்காலத்தில் இரண்டு குடும்பங்களை, பனி விழுந்துகொண்டிருக்கும்போதே, வீட்டை விட்டு இறக்கினார்.

ஜெஃப்ரிக்கு இருபத்தொன்று ஆகிவிட்டதென்று ஊரில் பன்னிரண்டு பேர் சத்தியம் செய்தால் நிலம் அவனுக்குத் திரும்பும்.

அவனுக்கு இருபதுதான்.

பிறந்த தேதியை யாரும் எழுதி வைப்பதில்லை. அன்றைக்குத் தன் வாழ்க்கையில் என்ன நடந்தது என்று ஒவ்வொருவரும் சொல்லித்தான் நிரூபிக்க வேண்டும். போன வாரம் பண்ணைக் காரியஸ்தர் ஆடம் வீட்டில் கூடிப் பேசிக்கொண்டார்கள். ஒருவன் குதிரையிலிருந்து விழுந்து கால் ஒடித்துக்கொண்ட நாள் என்பான். ஒருவன் வைக்கோற்போர் எரிந்த நாள் என்பான்.

பன்னிரண்டாவது சாட்சியான அவனிடம் மட்டும் ஆடம் தணிந்த குரலில் சொன்னார்.

"உனக்குக் கதை எதுவும் வேண்டாம்ப்பா. உன் பொண்ணை அடக்கம் பண்ணின அன்னைக்குத்தானே ஜெஃப்ரி பிறந்து ஞானஸ்நானம் ஆச்சு? ஒரு வருஷம் முன்னால தள்ளிச் சொல்லு. அவ்வளவுதான்."

அவன் தள்ளிச் சொன்னான்.

இருபத்தொரு வருடம் முன்பு, ஐயா. பாதிரியார் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்த கையோடு கல்லறைக்கு வந்தார். குழந்தை நாக்கில் வைத்த ஞானஸ்நான உப்பு அவர் விரலில் ஒட்டியிருந்தது. மண் போடும்போது பார்த்தேன்.

உப்பு பொய்யில்லை.

அதிகாரி உடனே தலையசைக்கவில்லை. பதினோரு பேர் தடங்கலில்லாமல் சொல்லி முடித்திருந்தார்கள். அதுவே அவருக்குப் பிடிக்கவில்லை.

"மகள் பிறந்தது எப்போது?"

"வெள்ளத்துல பாலம் போன வருஷம், ஐயா."

அந்த வருடத்தை எல்லோருக்கும் தெரியும். அதிகாரி விரல் விட்டு எண்ணினார்.

"அப்படியானால் சாகும்போது மூன்று வயது."

நான்கு.

"ஆமா, ஐயா."

மூன்று வயது முடியும்வரை அவன் மகள் சிசிலி வாய் திறக்கவில்லை. ஊமை என்றே ஊர் முடிவு கட்டியிருந்தது. பிறகு ஒரு நாள் வாத்துகளைத் துரத்திக்கொண்டு ஓடும்போது பேச ஆரம்பித்தாள். அப்புறம் நிறுத்தவே இல்லை. தூக்கத்தில்கூட எதையாவது சொல்லிக்கொண்டிருப்பாள். அந்தக் கடைசி வருடம் முழுக்க வீட்டில் அவள் குரல்தான்.

அதிகாரி முன்னால் சாய்ந்தார்.

"உன்னை என்னவென்று கூப்பிடுவாள்?"

எழுத்தரின் இறகு மையைத் தொட்டுக்கொண்டு காத்திருந்தது.

ஒரு சொல் இருந்தது. அப்பா என்பதல்ல. அவளே உண்டாக்கியது. அவளுக்குப் பிறகு அவனை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

மூன்று வயதுக் குழந்தை பேசத்தான் செய்யும். சொன்னால் ஒன்றும் கெட்டுவிடாது. ஆடமும் மற்றவர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். சொல் நாக்கு வரைக்கும் வந்தது. அது அவன் சற்று முன் இல்லையென்று சொன்ன வருடத்தின் சொல்.

"பேச்சு வரலை, ஐயா. பேசாமலேயே போயிட்டா."

அதிகாரி அவனை வெகு நேரம் பார்த்தார். பொய் சொல்ல வந்தவன் செத்த பிள்ளையை ஊமையாக்க மாட்டான் என்று நினைத்திருக்கலாம்.

எழுத்தரைப் பார்த்துத் தலையசைத்தார். இறகு கீறத் தொடங்கியது.

பதினெட்டாம் நாள் உத்தரவு வந்தது. காப்பாளரின் மரவெட்டிகள் வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். யாரோ தேவாலய மணியை விடாமல் அடித்தார்கள். ஆடம் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். அவன் வீட்டு வாசலில் நின்று அவன் தோளைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்.

அதுவரை அவன் மனைவி மார்ஜரி ஒன்றும் கேட்கவில்லை. அன்று அடுப்பிலிருந்து திரும்பாமல் கேட்டாள்.

"அவளைப் பத்தி என்ன கேட்டாங்க?"

"வயசு."

"அப்புறம்?"

"என்னை எப்படிக் கூப்பிடுவான்னு."

கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்த கை நின்றது.

"பேசலைன்னு சொல்லிட்டேன்."

மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. மார்ஜரி அது ஓயும்வரை நின்றாள். பிறகு கிண்ணத்தில் கஞ்சியை ஊற்றினாள். விளிம்பில் வழிந்ததை விரலால் துடைத்தாள்.

"அப்ப அந்தக் கடைசி வருஷம் அவ எனக்கு மட்டும்தான் மக."

கோபமாகச் சொல்லவில்லை.

அவன் கை நீட்டினான்.

கிண்ணத்தை வாங்கிக்கொண்டான்.