பச்சை மாறாத ஃபேன்

கணினிக் கடைக்கார ரிஃபத் புதிய கணினியைப் பொருத்தும்போது, நிறம் மாறி ஒளிரும் ஆர்.ஜி.பி. ஃபேன்களை ஹப் எனும் ஒரே இணைப்புப் பலகையில் இணைத்து, எல்லாவற்றையும் நீலமாக ஒளிரவிட்டுப் பார்த்த பிறகே மூடியை மாட்டுவான். அன்று ஒரு ஃபேன் மட்டும் பச்சையாகவே சுழன்றது. இறந்துபோன தமிழ்ச்செல்வனின் கணினி பழுதுபார்க்க வந்தபோது, அதிலிருந்து ரிஃபத் திருட்டுத்தனமாகக் கழற்றிய ஃபேன் அது. வயரைப் பிடுங்கினான், பச்சை அணையவில்லை.

"ஏனுங்க, எம்பையன் கம்ப்யூட்டர் ரெடிங்களா?" கடை வாசலில் தமிழ்ச்செல்வனின் தாய் பூவாத்தாள் நின்றார். "பச்சை லைட்டுன்னா அவனுக்கு உசுருங்க."

"அதுல ஒரு ஃபேனை நாந்தான் எடுத்துப்போட்டேனுங்கம்மா. மன்னிச்சுருங்க" என்ற ரிஃபத், அதைத் தமிழ்ச்செல்வனின் கணினியிலேயே திரும்ப மாட்டினான். மின்சாரமே கொடுக்காத அந்தக் கணினியில் ஃபேன்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாகிச் சுழலத் தொடங்கின.

பூவாத்தாள் அதன்மேல் மெல்லக் கைவைத்தார்.

"அதான் குடுத்துட்டாருல்ல, உட்ரு கண்ணு."

ஃபேன்கள் நின்றன.