எபிசு வருகிறார்

"மாட்டிக்கிட்டான்! அந்த இசோபே கடல் எல்லையைத் தாண்டிட்டான்!" என்று துள்ளினாள் ஹயாசே.

மலைமேல் இருந்த கடல் கண்காணிப்பு நிலையத்தின் சன்னலுக்கு வெளியே மூடுபனியைத் தவிர எதுவும் தெரியவில்லை. செயற்கைக்கோளுக்குப் பனியாவது ஒன்றாவது! திரையில் புள்ளி பளிச்சென்று இருந்தது.

கணவாய் மீன் பிடிக்கும் படகு அது. இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுக்கும் கருவியை அணைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது.

"பக்கத்துல இன்னொரு புள்ளி இருக்கே?" என்றான் உடன் வேலை பார்க்கும் தொகிதா.

"அது மிதக்கிற கட்டை. எஞ்சின் எல்லாம் கிடையாது. போன வாரத்துலேர்ந்து அங்கேயேதான் அலையுது. நான்தான் 'ஆபத்தில்லை'ன்னு குறிச்சு வெச்சேன்."

"கட்டைகிட்ட இவனுக்கு என்ன வேலை?"

அடுத்த படம் வந்தது. இரண்டு புள்ளிகளும் ஒன்றாகியிருந்தன.

ஹயாசே திரைக்கு அருகில் குனிந்தாள். கட்டையைப் படகு விழுங்கிவிட்டதா என்ன?

அந்த நேரம் பார்த்து வானொலி கரகரத்தது. இசோபேயின் குரல். யாருடைய தூக்கமோ கலைந்துவிடப் போகிறது என்பது போல அடங்கிய குரல்.

"எபிசு-சான் நம்ம படகுல வர்றார். சோறும் சாக்கே சாராயமும் எடுத்து வை."

"சரிங்க. அவர் என்ன சொன்னார்?" இது அவன் மனைவி.

"அவர் எங்க சொன்னார்? அவருக்குப் பதிலா நான்தான் சொன்னேன்."

தொகிதா விழித்தான். "எபிசுவா? அது மீனவங்க கும்பிடுற சிரிச்ச மூஞ்சி சாமியாச்சே!"

"சாமியாவது, பூதமாவது! ஆள் கடத்துறான். அது சங்கேதப் பேரு," என்றாள் ஹயாசே. தலைநகரிலிருந்து மாற்றலாகி வந்த அந்த இருவருக்கும் கடலைத் திரையில் பார்த்துத்தான் பழக்கம்.

இருவரும் துறைமுகத்துக்கு இறங்கிப் போய்க் காத்திருந்தார்கள். பனியைக் கிழித்துக்கொண்டு இசோபேயின் படகு வந்தது. பின்னால் ஒரு மரப்படகைக் கட்டி இழுத்து வந்திருந்தான்.

"உங்க உரிமம் போச்சுன்னு வெச்சுக்குங்க, இசோபே-சான்! எங்க உங்க எபிசு?"

"இங்கதான் இருக்கார், மேடம். சத்தம் போடாம ஏறுங்க."

ஹயாசே ஏறிப் போய் வெடுக்கென்று தார்ப்பாயை இழுத்தாள்.

ஒரு மனிதன். விறைத்துப்போன வலது கை அப்படியே உயர்ந்து நின்றது. திறந்த கண்கள் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. தன்னைத்தான் பார்க்கிறான் என்று ஹயாசேவுக்குத் தோன்றியது.

"கடல்ல செத்தவரை நாங்க எபிசு-சான்னுதான் சொல்வோம்," என்றான் இசோபே. "கண்ணுல பட்டா விட்டுட்டு வரக்கூடாது. 'எங்களுக்கு மீன் தருவீங்களா?'ன்னு கேட்கணும். அவருக்குப் பதிலா நாமளே 'தர்றேன்'னு சொல்லி ஏத்திக்கணும்."

"எந்த நாட்டு ஆளோ! இவருக்காகவா எல்லையைத் தாண்டினீங்க? பொழப்பே போயிடும்னு தெரியாதா?"

"தெரியும். அதுக்காகக் கண்ணை மூடிக்கிட்டுத் திரும்பி வர முடியுமா?"

இசோபே அவள் பக்கம் திரும்பினான்.

"அது சரி, இந்தப் பனியில நான் இருந்த இடம் உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

"மேலேர்ந்து பார்த்தா எல்லாம் தெரியும்."

"எல்லாமா?" இசோபே பின்னால் கட்டியிருந்த மரப்படகைக் காட்டினான். "அப்போ இதுவும் தெரிஞ்சிருக்குமே?"

"தெரிஞ்சது... போன வாரமே தெரிஞ்சது. கட்டைன்னு நினைச்சு..."

அவள் எட்டிப் பார்த்தாள். மரப்படகில் ஒரு தகர டப்பா. அதில் பிடித்து வைத்த மழைத்தண்ணீர் கொஞ்சம் மிச்சமிருந்தது. உடைந்த துடுப்பின் நுனியில் ஒரு சட்டை கொடி போலக் கட்டப்பட்டிருந்தது.

"நேத்துதான் உசிரு போயிருக்கணும்," என்றான் இசோபே. குனிந்து, அந்த உயர்ந்த கையையும் சேர்த்துத் தார்ப்பாயால் மெல்ல மூடினான்.

"போன வாரம் நீங்க பார்த்தப்போ, இவர் கட்டை இல்ல மேடம்."