ஆறு மணிக் கப்பல்

"கப்பல் நம்மள விட்டுட்டுப் போயிடப் போகுது சம்பந்தி!" பாண்டி பஜார் நெரிசலில், காரின் பின் சீட்டில் தவித்தார் சித்தார்த்தன்.

"போவாது." முன் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த பாண்டுரங்கன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எங்க குடும்பத்த நம்பி வந்தவங்க கரை சேராம போனது கெடையாது."

சித்தார்த்தனும் அவர் மனைவி சரோஜாதேவியும் விசாகப்பட்டினத்திலிருந்து சொகுசுக் கப்பலில் வந்திருந்தார்கள். சென்னையைச் சுற்றிப் பார்க்க ஒரு பகல். ஊர் பார்ப்பது பெயருக்குத்தான். மகள் நிலாவைப் பாண்டுரங்கனின் இளைய மகன் அறிவுக்குக் கொடுக்கலாமா என்று குடும்பத்தைப் பார்ப்பதே நோக்கம். கப்பல் ஏறுமுன் முடிவு சொல்வதாகப் பேச்சு. வெற்றிலை பாக்கு சரோஜாதேவியின் கைப்பையில் தயாராக இருந்தது.

மயிலாப்பூர் கோயில் பிடித்தது. ஊரூர் குப்பத்து வஞ்சிரம் வறுவல் இன்னும் பிடித்தது. சித்தார்த்தனுக்கு உறுத்தியது ஒன்றுதான்: காரை ஓட்டிக்கொண்டிருந்த மூத்த மருமகள் அஸ்வினி.

"துறைமுகத்துல வேலையாமே. நேரங்கெட்ட நேரத்துல எல்லாம் போவியாம்மா?"

"ஆமாங்க. உங்களை விட்டுட்டு அப்படியே டூட்டிக்குத்தான் போறேன்."

"நம்ம கடலோர சனத்துல பொம்பள படகுலயே கால் வைக்கக்கூடாது. இங்க என்னடான்னா துறைமுகத்துக்கே அனுப்பறீங்க!"

"ஆபீஸ்ல ஃபைல் பாக்கும், அவ்வளவுதான்," என்று சமாதானம் சொன்னாள் சரோஜாதேவி. "அது படகுலயா ஏறப்போகுது?"

அஸ்வினி ஓரக்கண்ணால் மாமனாரைப் பார்த்தாள். அவர் மீசையை நீவிக்கொண்டார். மருமகளின் பெருமையை மாமனாரே அளந்து கொட்டுவது அழகில்லை என்பது அவர் கட்சி.

ஒரு பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே கார் நழுவி முன்னேறியது.

"மெதுவா தாயே!" சித்தார்த்தன் முன் சீட்டைப் பற்றிக்கொண்டார். "பொம்பள கையில உசுரக் குடுத்துட்டு உக்காந்திருக்கேன்!"

"இன்னா சம்பந்தி, இதுக்கே இப்படியா? பஸ்ஸு எம்மாந் தூரத்துல கீது!"

"சிரிக்காதீங்க. ஒண்ணு சொல்லிடறேன். நிலா உங்க வீட்டுக்கு வந்தா வீட்டோட இருக்கணும். வேலை கீலைன்னு கெளம்பக்கூடாது. சரின்னா இப்பவே வெத்தல பாக்கு மாத்திக்கலாம்."

"அத நிலா சொல்லட்டும். எங்க வீட்டுப் பொண்ணுங்க கையக் கட்டி உக்கார வெச்சு எனக்குப் பழக்கமில்ல."

"அப்ப இது சரிப்பட்டு வராது."

"சரிப்படாட்டி போவட்டும். உங்கள நேரத்துக்குக் கொண்டாந்து விடறது எங்க பொறுப்பு."

துறைமுக வாசலில் கார் நின்றதும் சித்தார்த்தன் பைகளை அள்ளிக்கொண்டு ஓட்டமெடுத்தார். நாலு எட்டு வைத்தவர், பின்னால் பூட்ஸ் சத்தம் கேட்டுத் திரும்பினார்.

காவலர் அஸ்வினிக்கு விறைப்பாக சல்யூட் அடித்துக்கொண்டிருந்தார். அவள் டிக்கியிலிருந்து ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையையும் வாக்கி டாக்கியையும் எடுத்தாள்.

"வரேன் மாமா."

"பத்திரமா இட்டுக்கினு போ தாயி."

அவள் அவர்களைக் கடந்து, நேரே அவர்களுடைய கப்பலை நோக்கி நடந்தாள்.

"அது எங்க ஏறப்போகுது?" சித்தார்த்தன் பைகளைக் கீழே வைத்தார்.

சரோஜாதேவி அஸ்வினியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கணவரைக் கேட்காமலே கைப்பையைத் திறந்து, காரிலிருந்து இறங்கி வந்த பாண்டுரங்கனிடம் வெற்றிலை பாக்கை நீட்டினாள். "நிலாவையும் இது மாதிரியே வெச்சுக்குங்க அண்ணே."

அவர் துண்டை இறக்கி இரு கையாலும் வாங்கிக்கொண்டார். பிறகு சம்பந்தியின் தோளைத் தட்டினார்.

"நிதானமா ஏறுங்க, சம்பந்தி. உங்க கப்பல வெளிக்கடல் வரைக்கும் வழிகாட்டிக் கொண்டுபோற பைலட்டே அவதான். அங்க நூலேணியில எறங்கி அவ படகுல கால் வைக்கிற வரைக்கும், உங்க எல்லார் உசுரும் பொம்பள கையிலதான் கீது!"