பத்தாவது நாவல்

"இந்தி நோட்டெல்லாம் எடுக்க மாட்டோம்மா. இது தமிழ்ப் போட்டி" என்று மன்றச் செயலாளர் அன்பழகன் நோட்டைத் தள்ளினார்.

அமுதம் அதை மறுபடி அவர் பக்கமே தள்ளினாள்.

தீவில் இருக்கும் கராச்சர்மா ஊர் வாசகர் மன்றத்தின் போட்டிக்கு அன்றுதான் கடைசி நாள். பத்து நாவல்களைப் படித்து, ஒவ்வொன்றைப் பற்றியும் மனதில் பட்டதை எழுதித் தர வேண்டும். முதல் பரிசு பெறும் நோட்டு ஆண்டு மலரில் முழுசாக அச்சாகும். அந்த நாவல்களை எழுதியவர்களுக்கும் மலர் தபாலில் போகும்.

கோப்பை, சால்வை எல்லாம் யாருக்கு வேண்டும்? அமுதத்துக்கு அச்சில் வர வேண்டும். அதற்காகத்தான் புரோத்ராபூரிலிருந்து பஸ்ஸில் இடிபட்டு வந்திருந்தாள். திருப்பி அனுப்பினால் போய்விடுகிற ஆளில்லை அவள்.

"ஏக் மினிட் சார். ஆபீஸ்ல நீங்க இந்தி ஃபைல்தான பாக்கீங்க? மொத பக்கத்த மட்டும் சத்தமா வாசிங்க. பொறவும் வேண்டாம்னா நானே தூக்கிட்டுப் போயிருதேன்."

வரிசையில் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அன்பழகன் வேண்டாவெறுப்பாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இந்தி எழுத்துகளைக் கூட்டிக் கூட்டி வாசித்தார்.

வாயிலிருந்து தமிழ் வந்தது.

"துப்பறியும் கதை. கொலை நடந்த நேரத்துல மீன் வெட்டிக்கிட்டு இருந்தேன்னு சமையல்காரன் சொல்லுதான். சட்டையில ஒரு செதிலு இல்ல. நாலாவது அத்தியாயத்துலயே எனக்குத் தெரிஞ்சிட்டு. இன்ஸ்பெக்டருக்குத்தான் இருநூறு பக்கம் ஆச்சு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அமுதம் பிறந்ததே இந்தத் தீவில்தான். வீட்டில் தூத்துக்குடித் தமிழ், பள்ளிக்கூடத்தில் இந்தி. தமிழ் எழுத்தை இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஐம்பது வயதில்தான், ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை வைத்துக்கொண்டு கற்றாள். கண்ணுக்குப் பிடிபட்டுவிட்டது. கைதான் சண்டித்தனம் செய்தது. அதற்காக நாளைக் கடத்த முடியுமா? கைக்குத் தெரிந்த எழுத்தில், வாய்க்குத் தெரிந்த தமிழை எழுதிவிட்டாள்.

அன்பழகன் இப்போது தானாகவே பக்கத்தைப் புரட்டினார்.

"காதல் கதை. உனக்காக உசுர விடுவேங்கான். மூணு மாசம் கடுதாசி வரலன்னதும் வேற பொண்ணு பாக்கான். புயல்னா கப்பலே வராது. நாங்கல்லாம் காத்துக் கெடக்கலயா?"

"ராஜா கதை. நாப்பதாயிரம் பேரு சண்டைக்குப் போறாங்க. அவ்வளவு பேருக்கும் சோறு பொங்குனது யாரு? ஒரு வரி இல்ல."

"பேய்க் கதை. ரெண்டு நாளு பயந்தேன். மூணா நாளு பாவமா இருந்திச்சு. பூட்டின வீட்டுல அதுல்லா தனியா கெடக்கு."

"குடும்பக் கதை. அழுதேன். ஏன்னு எழுத மாட்டேன்."

வரிசை கலைந்து மேசையைச் சுற்றிக் கூட்டமாகிவிட்டது. அன்பழகன் நிமிர்ந்தார். "தமிழ் எழுத்துல நானே மாத்தி எழுதிக் குடுத்திடறேம்மா. பேச்சு நடையை மட்டும் கொஞ்சம் திருத்தி..."

"ஒரு சொல்லு மாத்தக் கூடாது சார்."

அவர் கடைசிப் பக்கத்துக்குப் போனார். அமுதம் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை பேர் முன்னால் அழுதுவிடக் கூடாது என்று அவளுக்கு இருந்தது.

"பத்தாவது. புது ஆளு எழுதுனது. நல்லா எழுதுதான். கடல வாசிச்சா உப்பு கரிக்கி. ஆனா ரெண்டு தப்பு இருக்கு. மெயின்லேண்டுக்குப் படிக்கப் போற அன்னைக்கு, கப்பல் ஜெட்டியில அம்மா ஒரு சொட்டு அழலன்னு எழுதியிருக்கான். கப்பல் திரும்புன பொறவு அழுதா. அது அவனுக்கு எப்படித் தெரியும்? அடுத்த தப்பு, நாப்பத்தொண்ணாம் பக்கம். எங்கம்மாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, அந்தத் தைரியத்துலதான் எல்லாத்தயும் எழுதுதேங்கான். அவ வாசிச்சிட்டா. அடுத்த பதிப்புல ரெண்டயும் திருத்தணும்."

அன்பழகன் சிரித்தார். "கற்பனைக் கதையில எப்படிம்மா தப்பு வரும்? எழுதினவர் சொல்றதுதானே கணக்கு."

அமுதம் மேசை விளிம்பிலிருந்து கையை எடுத்தாள்.

அவர் நோட்டை மூடி, வந்து சேர்ந்த நோட்டுகளின் அடுக்கில் வைத்தார். பிறகு நோட்டோடு அவள் கொடுத்திருந்த படிவத்தை எடுத்து, எழுத்தாளர்களின் முகவரிகளை விரலால் ஓட்டிப் பார்த்தார். ஒன்பதுக்கும் பதிப்பகத்தின் விலாசம் இருந்தது. பத்தாவது கட்டம் காலியாக இருந்தது.

"இவருக்கு மலரை எங்கே அனுப்பறது?"

"எழுதிக்கோங்க சார்" என்று அமுதம் நிமிர்ந்து நின்று சொன்னாள். "பென்னி, தகப்பன் பேரு மிக்கேல்..." தெரு, வீட்டு எண், பின்கோடு என்று எல்லாம் மனப்பாடமாக வந்தது.

எழுதிக்கொண்டே வந்த அன்பழகன் பேனாவை நிறுத்தினார். "நோட்டுல வேற பேரு போட்டிருக்கீங்களே?"

"அது அவனா வச்சிக்கிட்ட பேரு. இது நானும் அவுங்க அப்பாவும் வச்சது."